சிவப்புப் பக்கம்

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில்
முன்னால் ஒன்பது லாரி.
முள் ஏறிக்கொண்டே போனது.
குணசீலன் ஏசியை அணைத்தார்,
கண்ணாடியை இறக்கினார்,
பாட்டைக்கூட நிறுத்தினார்,
வண்டிக்குத் தலைவலி என்பதுபோல.

அது வியாழன்.
இன்று ஞாயிறு, காலை ஐந்தரை.
சத்துவாச்சாரி மலைப்பாறை
நேற்றைய சூட்டையே இன்னும் விட்டு முடிக்கவில்லை.
இந்தத் தெருவில் ஆறிப்போனது
எங்கள் எஞ்சின் ஒன்றுதான்.

மூடியைத் திறக்கிறேன்.
சூட்டில் திறந்தவன் கை எப்படி ஆகுமென்று
காகிதப்பட்டறை மெக்கானிக் பாஷா
முழங்கை வரை சட்டையை மடித்துக் காட்டியிருக்கிறார்.
கீழே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் திருகு.
மாவு பிசைகிற பழைய பேசினை வைத்துத் திருகினால்
பச்சையாக வருமென்று நினைத்தேன்.
வந்தது டீ.
ஆறு வருஷம் கொதித்த டீ.

"போர் தண்ணிதான் ஊத்தினேன்"
டார்ச்சை வேறு பக்கம் அடித்துக்கொண்டு சொன்னார்.
"எப்போ?"
"எப்பவும்."

எங்கள் போர் தண்ணீர்
பக்கெட்டுக்குள் வெள்ளை வளையம் போடும்,
பருப்பை வேகவிடாது.
நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் வார்டில்
இதே ஊர்த் தண்ணீரைக்
கட்டம் கட்டமாக வடிகட்டி,
தினம் காலையில் சோதித்துக் கையெழுத்துப் போட்டபிறகுதான்
மனுஷர் பக்கமே விடுவோம்.
பதினெட்டு வருஷமாக என் கையெழுத்து.
என் வாசலில் நிற்கிற வண்டி
அதைப் பச்சையாகவே குடித்திருக்கிறது.

கேன் தண்ணீரில் அலசினேன்.
அவர் கேன் விலையைக் கணக்குப் போட்டார்.
டீ, அப்புறம் செம்மண், அப்புறம் எலுமிச்சை,
அப்புறம் நிறமே இல்லை.

எதிர்வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டு
பேசினை நோக்கி வந்தது.
கூலன்ட் இனிக்கும்.
இனிப்பு நேராகச் சிறுநீரகத்துக்குப் போகும்.
நாய்க்கு எங்கள் வார்டில் படுக்கை கிடையாது.
அதட்டி விரட்டினேன்.
இனி என்னைப் பார்த்தால் குலைக்கும்,
குலைக்கட்டும்.

டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி.
மெதுவாக, புனலின் ஓரமாக.
ஹோஸை அழுத்தி அழுத்தி விட்டேன்.
குமிழி ஒன்று வந்தது, இன்னொன்று,
பிறகு வெகுநேரம் கழித்துப் பெரியதாய் ஒரு ஏப்பம்.
வார்டில் குழாய்க்குள் ஒரு கடுகளவு காற்று நுழைந்தால்
மெஷின் அலறும்.
இங்கே அலறுவதற்கு நான் மட்டும்தான்.

மிச்சக் காற்று வெளியேற
எஞ்சினை ஓடவிட்டு
ஹீட்டரை முழுசாக வைக்க வேண்டும்.
"ஹீட்டரா?" என்றார் குணசீலன்.
"கத்திரி வெயில்லயா?"

இந்த வீட்டில் யாரும் தொட்டதில்லை அந்தக் குமிழை.
நீலத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டே கிடந்தது.
இடமிருந்து வலம் தள்ளினேன்,
சிவப்புப் பக்கம் கோடே அழிந்து
மழமழவென்று இருந்தது.

குன்னூர் வண்டி இது.
நம்பர் பிளேட்டில் இன்னும் நாற்பத்து மூன்று.
எவரோ ஒருவர் விடிகாலைகளில்
விறைத்த விரலால் தள்ளித் தள்ளித்
தேய்த்திருக்கிறார்.
நாங்கள் வந்து மறுமுனையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

அனல் அடித்தது.
தூசி, எலிப்புழுக்கை வாசனை,
கூடவே தைலமரச் சருகுத் துணுக்கு ஒன்று
பறந்துவந்து
குணசீலன் வேர்த்த கழுத்தில் ஒட்டியது.
தட்டிவிட்டார்.

எட்டே காலுக்கு
ஃபேன் தானாகச் சுற்றியது, நின்றது,
மறுபடி சுற்றியது.
முள் பாதியிலேயே நின்றது.

மிச்சம் இருப்பது அந்த டீ.
இரண்டு பெப்சி பாட்டிலில் ஊற்றி
ஷெரின் மார்க்கரால் பெரிதாக விஷம் என்று எழுதினாள்.
கால்வாயில் கொட்டினால் பாலாறு.
பாலாறு ஏற்கெனவே நிறையக் குடித்திருக்கிறது.

பாஷாவிடம் கேட்டேன்.
"கொண்டாங்கம்மா, வாங்கிக்கறேன்.
ஆனா நானும் அங்கதான் ஊத்துவேன்"
என்றார், ஒளிக்காமல்.

பாட்டில்கள் படிக்கட்டுக்குக் கீழே,
காலி சிலிண்டருக்குப் பின்னால்
இருக்கின்றன.